பிக் பெண்ட் போகிறவர்கள் எங்கே தங்கலாம்: ஆல்பைன், மேரத்தன், டெர்லிங்குவா, பூங்காவின் உள்ளே

அக்டோபர் பிறந்தால் போதும், டாலஸிலிருந்தும் ஹூஸ்டனிலிருந்தும் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஒரே கேள்வியோடு வருவார்கள்: "தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு பிக் பெண்ட் போறோம், ரூம் எங்க போடலாம்?" அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு ஹோட்டல் பேர். நான் திருப்பிக் கேட்பது, "கூட யார் வர்றாங்க?"

மற்ற இடங்களுக்கு இந்தக் கேள்வி தேவையில்லை. ஓர்லாண்டோவில் பத்து மைல் தள்ளித் தங்கினால் பத்து மைல் கூடுதலாக ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். மேற்கு டெக்சஸில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய பிக் பெண்ட் தேசியப் பூங்கா இருக்கும் ப்ரூஸ்டர் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போல) வேறு மாதிரி. அதன் புவியியலையும் மக்கள்தொகையையும் கொஞ்சம் புரிந்துகொண்டால் எங்கே தங்குவது என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும். அதனால் முதலில் அது.

ஆட்கள் வடக்கே, காட்சி தெற்கே

டெக்சஸின் 254 கவுண்டிகளில் பரப்பில் பெரியது ப்ரூஸ்டர். சுமார் 6,190 சதுர மைல். கனெக்டிகட் மாநிலம் முழுவதையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். கனெக்டிகட்டில் 36 லட்சம் பேர் இருக்கிறார்கள். ப்ரூஸ்டரில் 2020 கணக்கெடுப்பின்படி 9,546 பேர். சதுர மைலுக்கு ஒன்றரை ஆள். தமிழ்நாட்டில் 2011 கணக்கில் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர் இருந்தார்கள். இங்கே அதே சதுர கிலோமீட்டருக்கு ஒரு முழு மனிதர்கூடத் தேறமாட்டார்.

அந்த 9,546-லும் ஆறாயிரத்துச் சொச்சம் பேர் ஆல்பைன் என்ற ஒரே ஊரில். கவுண்டியின் தலைநகர் அதுதான், நகராட்சி உள்ள ஊரும் அது ஒன்றுதான். மீதி மூவாயிரத்து ஐந்நூறு பேர்தான் கனெக்டிகட் அளவு நிலத்தில் சிதறிக் கிடக்கிறார்கள்.

ஏன் இப்படி? 1882-ல் ரயில் பாதை கவுண்டியின் வடக்கு ஓரமாகப் போனது. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல், புல்வெளி, கொஞ்சம் மழை, மாடு வளர்க்கலாம். ஊர்கள் அந்தப் பாதையிலேயே ஒட்டிக்கொண்டன. தெற்கே போகப் போக நிலம் இறங்கி, சிவாவா பாலைவனமாகி, ரியோ கிராண்ட் ஆற்றில் முடிகிறது. அங்கே வெயிலும் கல்லும்தான். 1887-ல் ப்ரூஸ்டரோடு சேர்த்து ப்யூகெல், ஃபோலி என்று இன்னும் இரண்டு கவுண்டிகளைப் பிரித்தார்கள். நிர்வாகம் நடத்த ஆள் சேரவில்லை. 1897-ல் இரண்டையும் கலைத்து ப்ரூஸ்டரிலேயே சேர்த்துவிட்டார்கள். கவுண்டி இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

ஆக ஆஸ்பத்திரி, மருந்துக் கடை, காய்கறி எல்லாம் வடக்கு ஓரத்தில். நீங்கள் பார்க்க வந்த மலை, பள்ளத்தாக்கு, ஆறு எல்லாம் தெற்கு ஓரத்தில். நடுவில் 80 மைல். இரண்டுக்கும் பக்கத்தில் தங்க வழியே கிடையாது. எதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் உண்மையான கேள்வி.

எதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது

நான் பார்ப்பவை ஐந்து. ஒன்று, தினமும் எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். பூங்காவுக்குள் உச்ச வேகம் 45 மைல்தான், அதனால் வரைபடத்தில் தெரியும் தூரத்தை நம்பக்கூடாது. இரண்டு, அவசரம் என்றால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம். கவுண்டி முழுவதற்கும் இருப்பது ஒன்று, ஆல்பைனில். மூன்று, சாப்பாடு, அதிலும் சைவம். நான்கு, இரவு வானம். ஐந்து, வெயில், உயரம்.

காசை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். அறை வாடகையில் மிச்சம் பிடிப்பது பெட்ரோலில் போய்விடும் என்பது என் அனுபவம்.

எங்கே தங்கினாலும் பொருந்துகிற இன்னொரு விஷயம், இதைப் பலரும் சொல்வதில்லை. ஆல்பைனுக்குத் தெற்கே 118-ஆம் சாலையிலும், மேரத்தனுக்குத் தெற்கே 385-ஆம் சாலையிலும் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி இருக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே வரும் கார்களை நிறுத்தி, அமெரிக்கக் குடியுரிமை உண்டா என்று கேட்பார்கள். ஹெச்-1பி, ஹெச்-4, கிரீன் கார்டு யாராக இருந்தாலும் அசல் ஆவணம் கையில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டும் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) அச்சுப்படியும் சேர்த்துத்தான். அங்கே நின்றுகொண்டு போனில் தேடலாம் என்றால் சிக்னல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆல்பைனில் தங்கி தினமும் போய் வந்தால் தினமும் ஒரு முறை இந்தச் சாவடி. பூங்காவின் மேற்கு வாயில் பக்கம் இருக்கும் டெர்லிங்குவாவில் தங்கினால் திரும்பும்போது ஒரே முறை.

ஆல்பைன்

ஊர் என்று சொல்லக்கூடிய ஊர். சல் ராஸ் பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி, மளிகைக் கடை, மருந்துக் கடை, சங்கிலித்தொடர் ஹோட்டல்கள், மெக்சிகன் சாப்பாடு, பீட்சா. பீன்ஸ் பரிட்டோவும் சீஸ் என்சிலாடாவும் கிடைக்கிற வரை சைவக்காரர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள். கிட்டத்தட்ட 4,500 அடி உயரம் என்பதால் ஜூலையிலும் சாயங்காலம் வெளியே உட்காரலாம்.

குறை என்னவென்றால், இது பிக் பெண்ட் இல்லை. டெர்லிங்குவா பக்கம் வரைக்குமே 80 மைல். அங்கிருந்து பூங்காவுக்குள் ஆற்றங்கரையில் இருக்கும் சாண்டா எலெனா பள்ளத்தாக்குக்கு இன்னும் 43 மைல். ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம். முதல் முறை நாங்கள் இங்கேதான் தங்கினோம். காலை எட்டு மணிக்குக் கிளம்பி, பத்தரைக்கு ஆற்றங்கரையில் இறங்கினால் நல்ல வெயில். நாலு மணிக்கே, "இருட்டறதுக்குள்ள ஊர் போய்ச் சேரணும்" என்று கிளம்ப வேண்டியதாயிற்று. இருட்டியபின் 118-ல் ஓட்டுவது புத்திசாலித்தனம் இல்லை. மான், காட்டுப்பன்றி போலிருக்கும் ஹாவலினா, சில இடங்களில் மாடு என எது வேண்டுமானாலும் ரோட்டில் நிற்கும். ஆக நல்ல வெளிச்சம் இருக்கும் காலையும் மாலையும் காருக்குள்ளேயே போய்விட்டது. போட்டோ எடுக்கிறவர்களுக்கு இது பெரிய இழப்பு.

இன்னொரு மறைமுகச் செலவு தூக்கம். சரக்கு ரயில் பாதை ஊரின் நடுவே போகிறது, ராத்திரி இரண்டு மணிக்கும் ஹாரன் அடிக்கும். அறை எடுக்கும்போது தண்டவாளத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று பாருங்கள்.

ஆனால் ஆல்பைனுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது பிக் பெண்டுக்கு மட்டுமான தங்குமிடம் இல்லை. பக்கத்து ஜெஃப் டேவிஸ் கவுண்டியில் உள்ள மெக்டொனால்ட் வானாய்வகம் 40 மைல், மார்ஃபா 26 மைல். தொலைநோக்கி வழியாகச் சனி கிரகத்தைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் வானாய்வகத்தின் 'ஸ்டார் பார்ட்டி'க்கு (ராத்திரியில் வானத்தைக் காட்டும் நிகழ்ச்சி) முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு இங்கே தங்குவதுதான் சரி. காரே வேண்டாம் என்கிறவர்களுக்கு வாரம் மூன்று முறை சன்செட் லிமிடெட் ரயில் ஹூஸ்டன், சான் அண்டோனியோ வழியாக ஆல்பைனுக்கு வருகிறது. வந்து இறங்கியபின் கார் வேண்டுமே என்பதை மட்டும் முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆல்பைனையே மூன்று நாள் சுற்ற வேண்டியதுதான்.

மேரத்தன்

ஆல்பைனுக்குக் கிழக்கே 30 மைல். சில நூறு பேர் வாழும் ஊர், ஒரே கடைத்தெரு. கிரேக்க நாட்டு மேரத்தனை நினைவுபடுத்தியதால் ஒரு பழைய கப்பல் தலைவர் வைத்த பேர் என்கிறார்கள். 1927-ல் கட்டிய கேஜ் ஹோட்டல் இந்த ஊரின் அடையாளம். செங்கல் கட்டடம், வராந்தாவில் நாற்காலிகள், எதிரே தண்டவாளம். ரயில் சத்தம் இங்கேயும் உண்டு என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஹூஸ்டன், சான் அண்டோனியோ பக்கமிருந்து வருகிறவர்களுக்கு மேரத்தன்தான் வாசல். ஃபோர்ட் ஸ்டாக்டனில் ஐ-10 நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் 58 மைல். அடுத்த நாள் காலை பூங்காவின் வடக்கு வாயில் 40 மைல், தலைமையகமான பாந்தர் ஜங்ஷன் 70 மைல். எட்டு ஒன்பது மணி நேரம் ஓட்டி வந்தவர்கள் மீதி 70 மைலை இருட்டில் ஓட்டாமல் இங்கே படுத்துவிடுவது நல்லது. மற்றபடி மூன்று நாளும் இங்கேயே தங்குவதில் பெரிய லாபம் எனக்குத் தெரியவில்லை. சாண்டா எலெனா போக 110 மைலுக்கு மேல் ஆகும். சாப்பிடும் இடங்கள் கைவிரல் எண்ணிக்கைதான், எந்த நாள் எது திறந்திருக்கும் என்று போன் செய்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

வானம் ஆல்பைனைவிட இருட்டு. ஊருக்குத் தெற்கே ஐந்து மைலில் 'தி போஸ்ட்' என்று ஒரு பூங்கா, குளமும் மரங்களுமாக இருக்கும். பிள்ளைகளைக் காரிலிருந்து இறக்கிவிட நல்ல இடம்.

டெர்லிங்குவா, ஸ்டடி ப்யூட்

கைவிடப்பட்ட பாதரசச் சுரங்க ஊர். சிசோஸ் சுரங்கக் கம்பெனி 1903-ல் தொடங்கி 1942-ல் திவாலானது. சிவப்பு சின்னபார் கல்லை வெட்டி, சூளையில் சுட்டுப் பாதரசம் எடுத்தார்கள். வெட்டியவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த கூலிகள். அவர்களின் கல்லறை இன்னும் அங்கே இருக்கிறது, கல்லைக் குவித்து மரச்சிலுவை நட்ட சமாதிகள். இப்போது அந்த இடிபாடுகளைச் சுற்றி ஒரு புது ஊர் முளைத்திருக்கிறது. மின் இணைப்பு வேண்டாம் என்று சூரியத் தகடும் மழைத் தொட்டியுமாக வாழ்கிறவர்கள் பலர். நாங்கள் தங்கிய குடிலில் தகரக் கூரையின் ஓரத்தில் பாதியாக வெட்டிய குழாய், அது போய்ச் சேரும் பெரிய கறுப்புத் தொட்டி. குளியலறையில் 'தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள்' என்று ஒரு சீட்டு. எங்கள் பாட்டி வீட்டு முற்றத்தில் மழைக்கு அண்டா வைத்தது ஞாபகம் வந்தது. என் பையனுக்குத்தான் இரண்டு நிமிடக் குளியல் என்பது பெரிய தண்டனையாக இருந்தது.

இந்தப் பகுதியில் எவ்வளவு குறைவான ஆட்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1990-களின் நடுப்பகுதி வரை இங்கே உயர்நிலைப் பள்ளி கிடையாது. பிள்ளைகள் 80 மைல் தள்ளி ஆல்பைனுக்குப் பஸ்ஸில் தினமும் போய் வந்தார்கள்.

பூங்காவைப் பொறுத்தவரை இதைவிட வசதியான ஊர் வேறில்லை. சாண்டா எலெனா ஒரு மணி நேரம், பூங்காவின் நடுவில் மலைமேல் இருக்கும் சிசோஸ் பேசின் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். விடியுமுன் கிளம்பி, ஆயிரத்து ஐந்நூறு அடி உயரச் சுவர்களுக்கு நடுவே ஆறு வெளியே வரும் இடத்தில் முதல் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிப் படுத்துவிடலாம். மறுபடி நாலு மணிக்குப் போகலாம். ஆல்பைனில் தங்கி இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

இனி குறைகள். ஆஸ்பத்திரி 80 மைல். ஆம்புலன்ஸ் இருக்கிறது, ஆனால் அதுவும் அந்த 80 மைலைத்தான் ஓட வேண்டும். இரண்டாவது முறை போனபோது அம்மாவின் சர்க்கரை மாத்திரை டப்பா எங்கள் வீட்டுச் சமையலறை மேடையிலேயே இருந்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் ஸ்டடி ப்யூட்டில் பெட்ரோல் போட்டோம், பால் வாங்கினோம், மாத்திரை மட்டும் கிடைக்கவில்லை. மறுநாள் ஆல்பைன் போய் வாங்கி வர அரை நாள் போயிற்று. அம்மா போகும்போதும் வரும்போதும் சொன்னது ஒரே வாக்கியம்: "நான் அப்பவே சொன்னேன், பையில வைன்னு."

சைவச் சாப்பாடு கஷ்டம். 1967-லிருந்து ஆண்டுதோறும் மாட்டிறைச்சிச் சில்லி சமைக்கும் போட்டி நடத்தும் ஊரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? ரைஸ் குக்கர் கொண்டுபோங்கள். அந்தப் போட்டி நவம்பர் முதல் வாரக் கடைசியில். அப்போது அறை கிடைப்பது குதிரைக் கொம்பு, கிடைத்தாலும் வாடகை கண்ணைக் கட்டும்.

கோடையில் போகாதீர்கள். மே முதல் ஆகஸ்ட் வரை 100 ஃபாரன்ஹீட்டைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். 'குடில்', 'கூடாரம்' என்று அழகான படங்களோடு வரும் விளம்பரங்களில் ஏசி உண்டா, கழிப்பறை உள்ளேயா வெளியேயா என்பதை இரண்டு முறை படியுங்கள். ஜூலைக்கு மேல் திடீர் மழையில் ஓடைகள் ரோட்டைக் குறுக்கே அறுக்கும். தண்ணீர் வடியும் வரை காரை நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

பூங்காவின் உள்ளே

பூங்கா மட்டுமே எட்டு லட்சம் ஏக்கர், கவுண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. கோடையில் குளிர்ந்திருக்கும் இடம் 5,400 அடியில் இருக்கும் சிசோஸ் பேசின்தான், ஆற்றங்கரையைவிட 20 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குறையும். குளிர்காலத்துக்கு நேர்மாறாக 1,850 அடியில் இருக்கும் ரியோ கிராண்ட் வில்லேஜ் கூடார இடம் இதம்.

பிரச்சினை கிடைப்பதுதான். பத்தாயிரம் பேர்கூட வாழாத கவுண்டியில் இருக்கும் இந்தப் பூங்காவுக்கு 2021-ல் வந்த வருகைகள் சுமார் 5.8 லட்சம். மார்ச் பள்ளி விடுமுறை, தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் மூன்றுக்கும் பல மாதம் முன்னால் பதிவு செய்தவர்களுக்குத்தான் இடம். பேசினில் பெரிய கட்டுமான வேலையும் திட்டமிட்டிருக்கிறார்கள், அதனால் விடுதியும் பாதைகளும் திறந்திருக்கின்றனவா என்பதைப் பூங்காவின் இணையதளத்தில் பார்க்காமல் விமான டிக்கெட் வாங்க வேண்டாம்.

இரவு வானத்துக்கு இதற்கு ஈடு கிடையாது. அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த 48 மாநிலங்களின் தேசியப் பூங்காக்களில் ஒளி மாசு மிகக் குறைந்தது இதுதான். 2022-ல் இந்தப் பகுதியும் எல்லைக்கு அப்பால் மெக்சிகோப் பக்கமும் சேர்ந்து 15,000 சதுர மைல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆள் இல்லாததால் கிடைத்த ஒரே லாபம் இது என்றுகூடச் சொல்லலாம். தினசரி காலண்டரில் அமாவாசை பார்த்துத் தேதி போடுங்கள். பௌர்ணமிக்குப் போனால் நிலாதான் தெரியும்.

உள்ளே தங்கினால் ஆற்றைப் படகில் தாண்டி மெக்சிகோவின் போக்கியாஸ் கிராமத்துக்குப் போய் வர ஆசை வரும். பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகி ஐ-797 (குடியேற்றத் துறையின் ஒப்புதல் கடிதம்) காகிதத்தில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் வக்கீலைக் கேட்காமல் அந்தப் படகில் ஏற வேண்டாம். ஐந்து நிமிடப் படகுதான், ஆனால் நாட்டைவிட்டு வெளியே போனதாகத்தான் கணக்கு. கரையோரம் நடக்கும்போது போன் மெக்சிகோ கோபுரத்தைப் பிடித்து நேரத்தை மாற்றிக் காட்டுவதும் உண்டு. கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் உதவும்.

ஒரே பார்வையில்

| | ஆல்பைன் | மேரத்தன் | டெர்லிங்குவா | பூங்காவின் உள்ளே |
|---|---|---|---|---|
| ஆஸ்பத்திரி | ஊரிலேயே | 30 மைல் | 80 மைல் | 100 மைலுக்கு மேல் |
| சாண்டா எலெனா | 120 மைலுக்கு மேல் | 110 மைலுக்கு மேல் | 43 மைல் | இடத்தைப் பொறுத்து 65 மைல் வரை |
| சைவச் சாப்பாடு | பரவாயில்லை | சுமார் | கஷ்டம் | கையோடு கொண்டுபோவதே |
| இரவு வானம் | நன்று | மிக நன்று | மிக நன்று | ஈடில்லை |
| கோடையில் | தங்கலாம் | தங்கலாம் | வேண்டாம் | மலைமேல் மட்டும் |
| அறை கிடைப்பது | எளிது | குறைவு | விடுமுறையில் கஷ்டம் | பல மாதம் முன்னால் |

யாருக்கு எது

கைக்குழந்தை, கர்ப்பிணி, நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த அப்பா, இவர்களில் யாராவது கூட வந்தால் ஆல்பைன். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு நாள் பூங்கா, ஒரு நாள் வானாய்வகம் என்று வைத்துக்கொண்டால் அவர்களுக்கும் நிம்மதி, உங்களுக்கும்.

நடக்கத் தெம்புள்ள நண்பர்கள், வளர்ந்த பிள்ளைகள், நவம்பர் முதல் மார்ச்சுக்குள் பயணம் என்றால் டெர்லிங்குவா. கூடாரம் போடப் பழகியவர்கள், முன்கூட்டியே பதிவு செய்தவர்கள் பூங்காவின் உள்ளே. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து மதியம் ஹூஸ்டனிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முதல் ராத்திரி மட்டும் மேரத்தன்.

நான் இப்போதெல்லாம் இரண்டு இடமாகப் பிரித்துவிடுகிறேன். முதல் இரண்டு இரவு டெர்லிங்குவா, கடைசி இரவு ஆல்பைன். பெட்டியை ஒரு முறை கூடுதலாகக் கட்ட வேண்டும், சில குடில்கள் விடுமுறை நாளில் இரண்டு இரவுக்குக் குறைந்து தராது, அந்தச் சிரமம் உண்டு. வரிசையை மாற்றி ஆல்பைனை முதலில் வைத்துப் பார்த்தோம், சரிப்படவில்லை. வந்த களைப்பில் ஆல்பைனிலேயே மதியம் வரை தூங்கிவிட்டோம்.

போகும் வழியில் ஃபோர்ட் ஸ்டாக்டன் வால்மார்ட்டில் தண்ணீர், தயிர், வாழைப்பழம், ஐஸ் எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர் என்று கணக்கு. பெட்ரோல் ஆல்பைன், மேரத்தன், ஸ்டடி ப்யூட் மூன்றிலும் கிடைக்கும், பூங்காவுக்குள் பாந்தர் ஜங்ஷனிலும் கிடைக்கும். ஆனாலும் பாதித் தொட்டிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். மாத்திரை டப்பாவைப் பெட்டியில் இல்லை, கைப்பையில் வையுங்கள்.